இணுவில் தோட்ட வெளியில் மூன்று வில்லைகள்



உங்களிடம் மிஞ்சியிருக்கும் பழைய அல்பத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது உடுப்புப் பையின் அடியில் வைத்துக் கொண்டுபோன அல்பமாக இருக்கலாம். வன்னியில் பொலித்தீனில் சுற்றிப் பதுங்குகுழிக்குள் வைத்திருந்ததாகவும் இருக்கலாம். அதில் யார் யார் இருக்கிறார்கள்? சாமத்தியச் சடங்குப் பிள்ளை, கலியாணத் தம்பதிகள், பிறந்தநாள் கேக் வெட்டும் குழந்தை. எல்லாமே முகங்கள். எங்கள் வீடு இருந்த வளவு எங்கே? தோட்டம் எங்கே? கிணறு எங்கே? எங்கள் வீட்டு அல்பத்தில், அக்காவின் சாமத்தியப் படமொன்றின் ஓரத்தில் கிணற்றுக் கட்டின் ஒரு துண்டு மட்டும் தெரிகிறது. நாங்கள் வாழ்ந்த நிலத்துக்கு எங்களிடம் இருக்கும் படம் அவ்வளவுதான்.

அதனால்தான் கலியாண வீடுகளுக்குப் படம் எடுத்துப் பிழைக்கும் நான், வேலையில்லாத நாட்களில் கமராவைத் தூக்கிக்கொண்டு நிலத்தை எடுக்கப் போகிறேன். அப்படிப் போய் வந்த ஓர் ஊர் இணுவில். அங்கே என் கவனக்குறைவால் ஒரு படத்தைத் தவற விட்டேன். அது ஏன் தவறியது, அதைத் தவிர்க்க எப்படிப்பட்ட வில்லைகளை வைத்திருக்க வேண்டும் என்பதை எழுதினால் உங்களில் சிலருக்காவது உதவும்.

செம்மண் ஊர்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவில், கொண்டாவில் தாண்டி இணுவில் வரும். பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைப் புகையிரதம் 2015 தை மாதம் மீண்டும் ஓடத் தொடங்கியபின், இணுவிலிலும் இறங்கலாம்.

ஊரின் பெயரைச் சொன்னதும் பெண்களுக்கு முதலில் நினைவு வருவது மக்லியொட் வைத்தியசாலை. 1898இல் அமெரிக்க மிசனால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத் தொடங்கப்பட்டது. "நான் இணுவில் ஆசுப்பத்திரியில பிறந்த பிள்ளை" என்று சொல்லுகிறவர்கள் குடாநாடு முழுவதும் இருக்கிறார்கள். அடுத்தது கந்தசுவாமி கோவிலும், தைப்பூசத்தன்று வீதிவலம் வரும் அதன் பெருமஞ்சமும். பிறகு தவிலும் நாதஸ்வரமும். தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) இந்த ஊரின் தவில் பரம்பரையில் வந்தவர்.

பிரதான வீதியை விட்டு ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் வேறோர் இணுவில். கிளுவையும் பூவரசும் நிற்கும் வேலிகள். அவை முடியும் இடத்தில் திடீரென்று விரியும் செம்மண் தோட்ட வெளி. மாசி மாதத்தில் போனால் புகையிலை, வாழை, மரவள்ளி, வெங்காயப் பாத்திகள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு. காலை நேரத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தின் சத்தமும் ஈரமண் வாசமும். வெளியின் விளிம்பில் வரிசையாகப் பனைகள்.

பார்க்கக் கண் நிறையும். ஆனால் படமெடுக்க இலேசான இடமல்ல. எங்கள் குடாநாடு தட்டையான நிலம். மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, ஏறி நின்று பார்க்க மேடுகூட இல்லை. அதனால் எந்த வில்லையைப் போடுகிறோம் என்பது இங்கே பெரிய காரியமாகிவிடுகிறது.

முதற் பயணம்

அப்போது என்னிடம் மூன்று வில்லைகள் இருந்தன. குவியத் தூரம் 24 மி.மீ. ஒன்று, 28 மி.மீ. ஒன்று, 200 மி.மீ. ஒன்று. எல்லாம் பழையவை. மலிவாகக் கிடைத்த நேரத்தில், யோசிக்காமல் வாங்கிச் சேர்த்தவை. கமராவும் பழையது, 12 மெகாபிக்சல்.

குவியத் தூரம் என்பது பாடசாலையில் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான். படம் எடுப்பவருக்கு அதன் பொருள் இதுவே: இலக்கம் சிறிதானால் அகலமாகத் தெரியும், எல்லாம் சிறுக்கும். இலக்கம் பெரிதானால் குறுகலாகத் தெரியும், எல்லாம் பெருக்கும்.

ஓர் ஒழுங்கை முடிவில் நின்று வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவுப் படலையைத் திறந்துகொண்டு ஓர் ஆச்சி வந்தார்.

"பிள்ளை, என்னத்தைப் படம் பிடிக்கிறாய்?"

"தோட்டத்தை, ஆச்சி."

"தோட்டத்தையோ? அதில என்ன கிடக்கு?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கு ஒரு உதவி செய்வியோ? அந்தா நிக்கிற மூண்டு பனையும், எங்கட கிணறும் ஒண்டாத் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தா. மகள் கனடாவில. தன்ர வீட்டுச் சுவரில பெரிசாக் கொழுவ வேணுமாம். காணி கைமாறப் போகுது பிள்ளை. பிறகு பாக்கேலாது."

அந்தப் பனைகளில் என்ன விசேடம் என்று கேட்டேன். இடம்பெயர்ந்து போயிருந்தவர்கள் 1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லையாம். கிணற்றில் தண்ணீர் இருந்ததாம். பனையடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, மகள் தண்ணீர் அள்ளிக் கொடுக்கச் சமைத்தாராம். "அண்டைக்கு எங்களிட்ட இருந்தது அவ்வளவுந்தான்" என்றார்.

நான் நின்ற இடத்திலிருந்து கிணறு ஏறத்தாழ 100 அடி. பனைகள் 200 அடி. பனைகளின் உயரம் 50 அடி இருக்கும். 24 மி.மீ. வில்லையைப் போட்டேன். வானமும் செம்மண்ணும்தான் படத்தை நிரப்பின. பனைகள் ஈர்க்குகள் போல நின்றன. 28 மி.மீ. போட்டேன், பெரிய வித்தியாசம் இல்லை. 200 மி.மீ. போட்டேன். ஒரு பனையின் வட்டும் பாதி உடலும் மட்டும் தெரிந்தன, கிணறு காணாமலே போனது.

"கொஞ்சம் கிட்டப் போய் எடன் பிள்ளை" என்றார் ஆச்சி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பனைகள் பெரிதாகத் தெரியும் அளவுக்குக் கிட்டப் போனால், கிணறு என் காலடிக்கு வந்துவிடும். இரண்டும் ஒரே படத்தில் சேராது. 200 மி.மீ. வில்லையோடு பின்னுக்குப் போகலாமென்றால் முதுகுக்குப் பின்னால் வேலி, அதற்குப் பின்னால் இன்னொருவர் வீடு.

28 மி.மீ. வில்லையால் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தேன். கணினியில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிப் பெருப்பித்தபோது, 12 மெகாபிக்சலில் ஏறத்தாழ நான்குதான் மிஞ்சியது. கையில் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பிரதி எடுக்கலாம். சுவருக்கு எடுத்தால் ஓலைகள் குழைந்து பச்சைத் திட்டுகளாகிவிடும். ஆச்சியிடம், "இன்னொரு நாள் வந்து நல்லதாக எடுத்துத் தாறன்" என்று தொலைபேசியில் சொன்னேன்.

கணக்குப் பார்ப்போம்

அன்றிரவு கொப்பியை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். வாங்குவதற்கு முன்னரே செய்திருக்க வேண்டிய வேலை.

பழைய பிலிம் சுருளின் அளவே உள்ள, அதாவது 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட உணரி உள்ள கமராவுக்குக் கணக்கு இலேசு. பொருள் இருக்கும் தூரத்தை 36 ஆல் பெருக்கி, வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எவ்வளவு அகலம் படத்துக்குள் வரும் என்பது தெரிந்துவிடும். உயரம் வேண்டுமென்றால் 36க்குப் பதிலாக 24 ஆல் பெருக்க வேண்டும்.

100 அடி தூரத்தில் 24 மி.மீ. வில்லை 150 அடி அகலத்தை உள்ளே எடுக்கும். 28 மி.மீ. ஏறத்தாழ 129 அடி. 50 மி.மீ. 72 அடி. 100 மி.மீ. 36 அடி. 200 மி.மீ. 18 அடி.

இதிலிருந்து இரண்டு விடயம் விளங்கும். முதலாவது, மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 24இலிருந்து 28க்கு நான்கு மில்லிமீற்றர்தான், ஆனால் படத்தில் 21 அடி குறைகிறது. 196இலிருந்து 200க்கும் அதே நான்கு மில்லிமீற்றர். அங்கே அரை அடிகூடக் குறையாது. ஆகவே பார்க்க வேண்டியது எத்தனை மில்லிமீற்றர் கூட என்பதல்ல, எத்தனை மடங்கு என்பது.

இரண்டாவது, என்னிடம் இருந்த மூன்றும் எவ்வளவு மோசமாகப் பங்கிடப்பட்டிருந்தன என்பது. 24க்கும் 28க்கும் இடையில் ஒன்றேகால் மடங்குகூட இல்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்தன. 28க்கும் 200க்கும் இடையிலோ ஏழு மடங்குக்கு மேல். ஆச்சியின் பனையும் கிணறும் அந்தப் பெரிய பள்ளத்துக்குள்தான் விழுந்தன.

50 மி.மீ. இருந்திருந்தால்? 200 அடி தூரத்தில் அது 96 அடி உயரத்தை எடுக்கும். 50 அடிப் பனை படத்தில் பாதி உயரத்துக்கு நிற்கும். 24 மி.மீ. வில்லையில் அதே பனை கால்வாசி. சுவரில் மாட்டும் படத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தவிலில் கேட்ட விடை

அன்று பஸ்ஸுக்கு நடந்து வரும்போது ஒரு வீட்டிலிருந்து தவில் பயிற்சி கேட்டது. பழகுகிற கை. ஒரே சொற்கட்டை முதலாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தது. அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை. கொப்பியோடு இருந்தபோதுதான் நினைவு வந்தது.

பாடசாலையில் சங்கீதம் படித்தவர்களுக்குத் தெரியும். முதலாம் காலத்தில் நான்கு வரும் இடத்தில் இரண்டாம் காலத்தில் எட்டு, மூன்றாம் காலத்தில் பதினாறு. நான்குக்கும் எட்டுக்கும் வித்தியாசம் நான்கு, எட்டுக்கும் பதினாறுக்கும் வித்தியாசம் எட்டு. ஆனால் காதுக்கு இரண்டு படியும் ஒரே அளவான படிகளாகத்தான் கேட்கின்றன, ஏனென்றால் இரண்டுமே இரட்டிப்பு. கண்ணுக்கும் இப்படியே. 24, 50, 100 என்று மூன்று வில்லைகள் இருந்தால், ஒவ்வொரு படியிலும் படத்துக்குள் வரும் அகலம் ஏறத்தாழப் பாதியாகும்.

இடையில் 35உம் 70உம் சேர்த்தால் இன்னும் நெருக்கமாக இருக்கும்தான். ஆனால் காசும் போகும், தோளும் நோகும். ஒரு படிக்குள் இருக்கும் சிறு குறையைப் பெரும்பாலும் நாலடி முன்னே பின்னே நடந்து சரிசெய்யலாம். ஏழு மடங்கு இடைவெளியை நடந்து நிரப்ப முடியாது. அதுவும் எங்கள் ஊர்களில் எல்லா இடத்துக்கும் நடந்து போகவும் முடியாது. தண்ணீர் விட்ட பாத்தியை மிதிக்கக் கூடாது. மற்றவர் காணிக்குள் கேளாமல் போகக் கூடாது. வலிகாமம் வடக்குச் சகோதரிகள் பலர் எத்தனையோ ஆண்டுகள் முட்கம்பிக்கு இப்பால் நின்றுதான் தங்கள் காணி இருக்கும் திசையைப் பார்த்தார்கள்.

இரண்டுதான் வாங்க முடியுமென்றால் 35உம் 85உம் நல்ல சோடி. நிலம் என்றால் அகன்ற வில்லை என்று பலரும் நினைப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: எங்கள் தட்டை நிலத்தில் 24 மி.மீ. வில்லைக்கு வேலை குறைவு. ஒழுங்கைக்குள், கிணற்றடியில், கோவில் வீதியில், அதாவது பக்கத்தில் ஏதாவது ஒன்று இருக்கும் இடத்தில்தான் அது அழகு. திறந்த வெளியில் 50உம் 100உம் தான் கைகொடுக்கும். 100 மி.மீ. வில்லையால் பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாகத் தூரத்தில் நிற்கும் பனை வரிசைகள் நெருங்கி வந்து, நிலத்துக்கு ஓர் ஆழம் கிடைக்கும்.

உலகப் புகழ்பெற்ற நிலக்காட்சிப் படங்களில் ஒன்றும் இதற்குச் சாட்சி. அமெரிக்கரான அன்செல் அடம்ஸ், நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரை 1941இல் எடுத்தார். மேலே நிலா, கீழே சின்னத் தேவாலயமும் சிலுவைகள் நிற்கும் மயானமும். அவரிடம் இருந்தது, பகுதிகளைக் கழற்றி மாற்றினால் வெவ்வேறு குவியத் தூரம் தரும் ஒரு வில்லை. அன்று அதன் 23 அங்குலப் பகுதியைப் பயன்படுத்தினார். அவரது 8×10 அங்குலக் கமராவின் அந்த அளவு, எங்கள் கமராவில் ஏறத்தாழ 80 மி.மீ. வில்லைக்குச் சமம். அகன்ற வில்லையல்ல.

இரண்டாம் பயணம்

28 மி.மீ. வில்லையை இன்னொரு படப்பிடிப்பாளருக்கு விற்றேன். சீட்டுக் காசு கிடைத்ததும் பழைய 50உம் 100உம் வாங்கினேன். வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். எங்கள் காலநிலையில் அது இலகுவில் பிடிக்கும். நீங்களும் இதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இதெல்லாம் முடிய எட்டு மாதம் சென்றுவிட்டது. ஐப்பசியில், மழைக்கு முன்னர் போனேன்.

காணி கைமாறியிருந்தது. கிணறு இருந்தது. பனைகளில் ஒன்று இல்லை. அது நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அத்திவாரக் கல் பறித்திருந்தார்கள். ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"வந்திட்டியே பிள்ளை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதே இடத்தில் நின்றேன். 50 மி.மீ. வில்லைக்குள் கிணறும் இரண்டு பனைகளும் வந்தன, ஓலை ஓலையாக. கல்லும் தெரிந்தது. அதை மறைக்கலாமா என்று யோசித்தேன். "அதுவும் இருக்கட்டும், உள்ளதுதானே" என்றார் ஆச்சி. பிறகு புதிய சொந்தக்காரரிடம் கேட்டுக் கிணற்றடிக்குப் போய், 24 மி.மீ. வில்லையால் கட்டோடும் துலாக்கால் நின்ற இடத்தோடும் கிணற்றை எடுத்தேன். கடைசியாக, தூரத்தே நின்று 100 மி.மீ. வில்லையால் ஆச்சி அந்தக் கட்டில் கைவைத்து நிற்பதை எடுத்தேன். அவருக்கு நான் எடுத்தது தெரியாது. பிறகு காட்டி, அனுப்பலாமா என்று கேட்டேன். "அனுப்பு" என்றார்.

"மூண்டாவது பனை எங்க எண்டு அவள் கேப்பாள்" என்றும் சொன்னார். அதற்காக அந்தப் பழைய 28 மி.மீ. படத்தையும் கையளவில் பிரதியெடுத்துச் சேர்த்து அனுப்பினோம். சுவரில் இரண்டு பனையும், அதன் கீழே சின்னச் சட்டத்தில் மூன்று பனையும் தொங்குவதாகப் பிறகு அறிந்தேன்.

உங்களிடம் இருப்பதைக் கொண்டு

பெரிய கமரா இல்லையே என்று யோசிக்க வேண்டாம். இப்போது பல கைத்தொலைபேசிகளில் 0.5, 1, 2 என்று இலக்கங்கள் தெரியும். அவையும் இரட்டிப்புத்தான். கமரா அளவில் சொன்னால் ஏறத்தாழ 13, 26, 52 மி.மீ. வரும். ஒன்றைக் கவனியுங்கள். பல தொலைபேசிகளில் 2 என்பது தனி வில்லையல்ல, 1இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டித் தருவது. அதற்கு மேலே 5, 10 என்று இழுத்தால் படம் குழையும்.

சிறிய உணரி உள்ள கமராவோடு 18–55 மி.மீ. வில்லை கிடைத்தால், இலக்கத்தை ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள். 27 முதல் 83 வரை வரும். எங்கள் நிலத்துக்கு அதுவே பெரும்பாலும் போதும். இரண்டாவது வாங்குவதானால் 55–200 வாங்கலாம், முதலாவது முடியும் இடத்தில் அது தொடங்கும். 18–135 வாங்கினால் பாதிக் காசு ஏற்கெனவே இருப்பதற்கே போய்விடும்.

வாங்குவதற்கு முன் ஒரு கொப்பியில் நீங்கள் எடுக்க விரும்பும் இடங்களையும், எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதையும் எழுதுங்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இராணுவ முகாம், சோதனைச் சாவடிப் பக்கம் மட்டும் கமராவைத் திருப்பாதீர்கள்.

பிறகு உங்கள் வளவில், அது சொந்தமோ வாடகையோ மீள்குடியேற்ற வீடோ, மூன்று படம் எடுங்கள். முழு வளவும் தெரிய ஒன்று. நீங்கள் தினமும் நின்று பார்க்கும் இடத்திலிருந்து, நீங்கள் பார்க்கிறபடி ஒன்று. கிணற்றுக் கட்டு, படலை, அம்மா வைத்த மாமரம் என்று நெருங்கி ஒன்று. தொலைபேசிக்குள்ளேயே விட்டுவிடாமல் பிரதி எடுத்து, பின்புறத்தில் ஊர், திகதி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்பதைப் பென்சிலால் எழுதி, அல்பத்தில் முகங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். எட்டு மாதம் பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே எடுங்கள்.